சாரல் என்று ஒரு பட்டன்

இந்த சீசனுக்கு மாடி அறையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். உறுதியான முடிவு. யார் வந்து கேட்டாலும் அசையாத முடிவு. அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீடு மேலகரத்தில். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழி. இதைக் கேட்டுப் பொறாமைப்படாதீர்கள். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் ஆள் விழ ஆரம்பிக்கும். மற்ற மாதங்களில் நாங்கள் இருக்கிறோமா செத்தோமா என்று கேட்காத சொந்தக்காரர்கள், ஆனி பிறந்ததும், "அங்கன சாரல் எப்படி?" என்று பாசத்தோடு போன் போடுவார்கள். சாரல் இல்லை என்று புளுகவும் முடியாது. அருவியை டிவியில் பார்த்துக்கொண்டேதான் கேட்பார்கள்.

என் பெயர் சுடலைக்கண்ணு. காவல் தெய்வத்தின் பெயரை வைத்தால் பிள்ளை தைரியமாக வளரும் என்று என் அப்பா நம்பினார். பாவம் அவர். எனக்கு இடி பயம், நாய் பயம், பல் டாக்டர் பயம். குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் இன்றுவரை அருவிக்குள் தலையைக் கொடுத்ததில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணீருக்கு நான் யார் எவர் என்று தெரியவா போகிறது? வீட்டில் வாளித் தண்ணீரில் குளித்துக்கொள்வேன். என் பயங்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினால் முதல் ஆளாக நிற்பது அனுசியா. என் மனைவி.

அனுசியா என் தாய்மாமன் மகள். போலீஸில் ஹெட் கான்ஸ்டபிள். ஊரே அவளை ஏட்டம்மா என்கிறது. முறைப்படி நான் அவளை, எங்கள் பக்கத்து 'அடியே'யான 'ஏட்டி' என்று கூப்பிடலாம். கூப்பிடுகிறேன், மனசுக்குள். சீசன் முழுக்க அவளுக்கு ஐந்தருவியில் பந்தோபஸ்து. மற்றவர்களுக்கு அங்கே மைக் வேண்டும். அவளுக்கு வேண்டியதில்லை. அருவி இரைச்சலைத் தாண்டி, "ஏலே சிவப்பு பனியன், குளிச்சது போதும், வெளிய வா" என்று ஒரு சத்தம் கொடுத்தால் சிவப்பு பனியன் மட்டுமல்ல, மஞ்சள், பச்சை எல்லாம் வெளியே வந்துவிடும். டூட்டி முடிந்ததும் அந்தக் குரல் நேராக என் வீட்டுக்குத்தான் வருகிறது.

மாடி அறைக்கு வருகிறேன். என் பிழைப்பு அங்கேதான். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஆப் செய்து கொடுக்கிறேன். இந்தத் தடவை ஈக்வலைசர். பழைய டேப் ரிக்கார்டரில் குச்சி குச்சியாய் வரிசையாக இருக்குமே, ஏற்றினால் தாளம் அதிரும், இறக்கினால் குரல் அடங்கும், அதே சமாச்சாரம். போனிலும் கம்ப்யூட்டரிலும் யாரும் எளிதாகப் பயன்படுத்துகிற மாதிரி வேண்டும் என்பது உத்தரவு. உத்தரவு போட்டவர் கேஷவ். பூர்வீகம் ஆழ்வார்குறிச்சி, இப்போது பெங்களூர்வாசி.

"கண்ணு, யார் கையில குடுத்தாலும் ஒரு கேள்வி கேக்காம யூஸ் பண்ணணும். அதான் டெஸ்ட்" என்றார்.

கேள்வி கேட்காத ஆளுக்கு நான் எங்கே போவேன்? என் வீட்டில் இருப்பது போலீஸ். பயந்துகொண்டே அவள் போனில் ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன்.

"இங்கன அறுபது ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கே, அது யாரு?"

"யாருமில்ல. அடித்தொண்டைச் சத்தம்."

"அப்ப அடிச்சத்தம்னு எழுதுங்க. இது?"

"நாலாயிரம் ஹெர்ட்ஸ்."

"அத்தான், நான் என்ன கரண்டு ஆபீஸா? கீச்சுச்சத்தம்னு போடுங்க. இந்தக் குச்சியெல்லாம் எம்புட்டுச் சின்னது. ஒரு கையில லத்தி வச்சிருக்கேன். மறு கையி பெருவிரலால அமுக்கணும். ஒரே பட்டன். பெருசா."

செய்தேன்.

"போன்ல வச்சதை மறுபடியும் கம்ப்யூட்டர்ல வேற வைக்கணுமா? ஒரு இடத்துல வச்சா எல்லா இடத்துலயும் தானா வரணும்லா?"

அதையும் செய்தேன். ஒரு இடத்தில் எதைச் சேமித்தாலும், ஆப் வைத்திருக்கும் சோதனைக்காரர்கள் எல்லோருடைய போனிலும் கம்ப்யூட்டரிலும் அதே நொடியில் வந்து நிற்கும். கேஷவ் அதைப் பார்த்துவிட்டு, "கண்ணு, எப்படிய்யா உனக்கு மட்டும் இதெல்லாம் தோணறது?" என்று புல்லரித்துப் போனார். எனக்கே தெரியவில்லை என்று அடக்கமாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மொத்த ஆப்பையும் அவருக்கு ஓட்டிக் காட்டவேண்டும். பிடித்தால் அடுத்த வருஷத்துக்கும் வேலை உண்டு. பிடிக்காவிட்டால் நான் ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டில் காய்கறி மூட்டை எண்ணவேண்டியதுதான்.

அந்த வாரம்தான் அனுசியா சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"மணிமுத்து வாரான்."

மணிமுத்து அவள் தம்பி. வாசுதேவநல்லூர்க்காரன், மிலிட்டரியில் இருக்கிறான். லீவில் வந்தாலும் விடிவதற்குள் எழுந்து தரை அதிர உடற்பயிற்சி செய்வான். அவன் பிள்ளைகளும் கூடவே செய்யும்.

"வரட்டும், வரட்டும்" என்றேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை.

"குடும்பத்தோட வாரான். வியாழக்கிழமை. மாடி ரூம்பு…"

"ஐயோ, ஆபீஸ்ல இருந்து போன்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன். போன் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தேன். எனக்கு என்னைத் தெரியும். அவள் கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டால் சரி என்று சொல்லிவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து வேறு பதில் சொல்லிப் பழக்கமில்லை. ஆகையால் கேள்வியே என் காதில் விழக்கூடாது. கேட்காத கேள்விக்குச் சரி சொன்னால் அது செல்லாது. கோர்ட்டில்கூடச் செல்லாது. அப்போதுதான் அந்த விபரீத யோசனை உதித்தது.

நான் காதில் மாட்டுகிற இயர்பட்ஸில் ஒரு வசதி உண்டு. வெளிச்சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்பும். நடுவில் என் ஆப்பை உட்கார வைத்தால்? ஒரு குரலின் மாதிரியைக் கொடுத்து, 'இந்தக் குரலை மட்டும் இறக்கு' என்று சொன்னால்? குக்கர் விசில் கேட்கும். காலிங் பெல் கேட்கும். காக்காய் கேட்கும். அனுசியா மட்டும் கேட்காது. நினைத்ததும் உடம்பு குளிர்ந்தது. சந்தோஷத்தினாலா பயத்தினாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மாதிரிக்கு அவள் குரலைப் பதிவு செய்யவேண்டும். வீட்டில் வைத்துச் செய்வதா? அவள் கண் முன்னால் போனை நீட்டினால் அது எதற்கு என்று கேட்பாள். போலீஸ் கேட்டால் நான் கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிற ஆள். அதனால் ஐந்தருவிக்கே போனேன். அங்கே ஆயிரம் பேர் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள், அதில் நானும் ஒருவன். எண்ணெய் தேய்த்துவிடுகிற கடை மறைவில் நின்று, அவள் கூட்டத்தை விரட்டுவதை முழுசாகப் பதிவு செய்துகொண்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடி வந்தேன்.

கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒரு பெரிய பட்டன் வைத்தேன். பெயர்? 'அனுசியா' என்று வைக்க நான் என்ன பைத்தியமா? 'சாரல்' என்று வைத்தேன். சேமி என்பதை அமுக்கினேன்.

அன்று சாயங்காலம் அவள் வருவதற்கு முன்பே இயர்பட்ஸை மாட்டிக்கொண்டேன். வெளியே தகரக் கூரையில் சாரல் சடசடத்துக்கொண்டிருந்தது. பட்டனை அமுக்கினேன். மழைச் சத்தம் அடங்கிப் போனது. அடடா, மழைக்கே இந்த கதி என்றால் மனைவிக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அனுசியா உள்ளே வந்தாள். தொப்பியைக் கழற்றினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

உதடு அசைகிறது. கை அசைகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. சத்தம் இல்லை. மேலே ஃபேன் ஓடுவது கேட்கிறது, சுவர்க் கடிகாரம் கேட்கிறது, அவள் மட்டும் கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாதித்துவிட்டாயடா சுடலைக்கண்ணு.

அந்த சந்தோஷம் நிலைக்கவில்லை. சத்தத்தோடு திட்டினால், திட்டு எங்கே ஆரம்பித்தது, எப்போது முடியும் என்று ஒரு கணக்கு இருக்கும். சத்தமில்லாத வாய் பயங்கரம். அவள் சொல்வது வெண்டைக்காயைப் பற்றியா, என் பரம்பரையைப் பற்றியா? தெரியாது. புருவம் மேலே போனது. பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று மட்டும் புரிந்தது.

"சரிம்மா" என்றேன்.

புருவம் இறங்கியது. திருப்தியாகச் சமையலறைக்குப் போனாள்.

அன்றிலிருந்து அதுவே நடைமுறை. உதடு அசையும். புருவம் ஏறும். நான் சரி என்பேன். புருவம் இறங்கும். ஒரு தடவை அவள் விரலை மடக்கி மடக்கி நீளமாக எதையோ சொன்னாள். "நீ சொன்னா சரிதான்" என்றேன். இன்னொரு தடவை மேலே மாடியைக் காட்டினாள், மேற்கே மலையைக் காட்டினாள், கடைசியில் என்னைக் காட்டினாள். "தாராளமா" என்றேன். என்ன தாராளம், எதற்குத் தாராளம், கடவுளுக்குத்தான் வெளிச்சம். திரும்பக் கேட்கவும் முடியாது. 'என்ன சொன்னே?' என்று கேட்டால் ஏன் காது கேட்கவில்லை என்ற கேள்வி வரும். அதுவும் என் காதில் விழாது.

பக்கத்து வீட்டு ஹைருன் பீவி, காம்பவுண்ட் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்ன தம்பி, ஏட்டம்மாவுக்குத் தொண்டை கட்டிருக்கா?"

"இல்லையே, ஏன் கேக்கீய?"

"இல்ல, உங்க வீட்டுல சத்தமே காணோம். முந்தியெல்லாம் அவ பேசுறதை வச்சுத்தான் நான் உலை வைப்பேன். இப்ப மணி தெரியல."

நான் திகைத்துப் போனேன். என் ஆப் அடுத்த வீடு வரைக்கும் வேலை செய்கிறதா? ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

"வீட்டுல சண்டை எதுவும் இல்லைலா?" என்றாள் ஹைருன் பீவி.

"சேச்சே. எல்லாத்துக்கும் நான் சரின்னுதான் சொல்லுதேன்."

"அதான் தெரியுமே. எதுக்குச் சொல்லுதீயன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் சிரித்த மாதிரி இருந்தது. பயந்தவனுக்கு எல்லாமே சிரிப்பது மாதிரித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் சில விஷயங்கள் எனக்குப் புரியவில்லை. அனுசியாவுக்கு போன் வந்தால் வீட்டுக்குள் பேசாமல் தெருமுனை வரைக்கும் நடந்துபோய்ப் பேசினாள். என் வேலைக்குத் தொந்தரவு வேண்டாம் என்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். புதன்கிழமை ஒரு ஆள் தோளில் பாய்ச்சுருளோடு வந்து நின்றான். "மாடிக்குத்தானே சார்? சார் சரின்னுட்டதா ஏட்டம்மா சொன்னாவ." வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாததால் வாங்கி வைத்தேன். வியாழக்கிழமை வந்தது. மணிமுத்து வரவில்லை. ரயிலில் இடம் கிடைக்காமல் நின்றுவிட்டானோ என்று எனக்குள் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. பக்கத்திலிருக்கிற வாசுதேவநல்லூரிலிருந்து வருகிறவனுக்கு ரயில் எதற்கு என்று அப்போது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை. மாடி அறை. பாய்ச்சுருளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முன்னெச்சரிக்கையாக இயர்பட்ஸில் சாரல். திரையில் கேஷவ் முகம் வந்தது.

அடிச்சத்தம், நடுச்சத்தம், கீச்சுச்சத்தம் எல்லாம் ஏற்றி இறக்கிக் காட்டினேன். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். நடுவில் நிறுத்தினார்.

"கண்ணு, இதுல சாரல்னு ஒரு பட்டன் வந்திருக்கே, அது என்னது?"

எனக்கு உயிர் போய்விட்டு வந்தது.

"உங்களுக்கு… அது அங்கயும் வந்திருக்கா?"

"ஒரு இடத்துல வச்சா எல்லா இடத்துலயும் வரும்னு நீதானேய்யா பண்ணினே."

நான்தானே பண்ணினேன். அவள்தானே சொன்னாள். அப்படியானால் அது, உள்ளே இருக்கிற அவள் குரல் பதிவோடு, அவள் போனிலும்… மேலே நினைக்க மனசு ஒத்துழைக்கவில்லை. எதையாவது உளறி வைக்கவேண்டும்.

"வீட்டுல இருந்து வேலை செய்யுறவங்களுக்கு சார். வேண்டாத குரலை மட்டும் இறக்கிடும்."

கேஷவ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிரமாதம். இதை வச்சே வித்துடலாம்யா. மத்ததெல்லாம் எல்லாரும்தான் பண்றா. இது நிஜமாவே வேலை செய்யறதா?"

"சோதிச்சுப் பாத்தாச்சு சார். சுத்தமா ஒண்ணும் கேக்கல."

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். ஒரு ஜோடி இல்லை, இரண்டு ஜோடி. கதவு திறந்தது. அனுசியா. பின்னால் தலையில் டிரங்குப் பெட்டியோடு மணிமுத்து. அவனுக்குப் பின்னால் படி நெடுகப் பிள்ளைகள். அவள் வாயைத் திறந்தாள். நான் வழக்கம்போலச் சரி சொல்லத் தயாரானேன்.

"என்ன அத்தான், இன்னும் ரூம்பைக் காலி பண்ணலையா?"

ஐந்தருவிக் குரல். ஒரு துளி குறையவில்லை. இரண்டு காதுக்குள்ளும் நேராக இறங்கியது. நாற்காலியோடு சேர்ந்து பின்னால் நகர்ந்துவிட்டேன். பட்டனைப் பார்த்தேன். சாரல் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அந்த நொடியில் எல்லாம் விளங்கியது. ஐந்தருவியில் நின்று எடுத்த பதிவில் முக்கால்வாசி அருவி. ஆப் அருவியைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. தகரத்தில் விழுந்த மழையை அமுக்கியதும் அதனால்தான். அப்படியென்றால் இத்தனை நாளும் அவள் குரல் ஏன் கேட்கவில்லை? குரல் இருந்தால்தானே கேட்பதற்கு. அவள் பேசவே இல்லை. வாயை மட்டும் அசைத்திருக்கிறாள்.

"ரூம்பா? நான் எப்ப சரின்னு சொன்னேன்?" என்றேன். என் வாழ்க்கையின் மொத்த தைரியமும் அதில் செலவாகிவிட்டது.

அவள் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். லத்தி இடது கையில், பெருவிரல் வலது கையில். நான் செய்து கொடுத்த பெரிய பட்டனை அமுக்கினாள். நான் செய்து கொடுத்த ஆப், அவள் இத்தனை நாளும் பதிந்து வைத்திருந்த என் குரலிலேயே பேசியது.

"சரிம்மா." இடைவெளி. "நீ சொன்னா சரிதான்." இடைவெளி. "தாராளமா."

"மொத சரி மாடி ரூம்புக்கு" என்றாள் அனுசியா. "ரெண்டாவது, மணிமுத்து போற வரைக்கும் காலைச் சமையல் நீங்க. மூணாவது, இந்தப் பிள்ளைகளைத் தினமும் அருவிக்குக் கூட்டிட்டுப் போயி கூட நின்னு குளிப்பாட்டுதது. பாவம், நேத்தே வந்துட்டான். ரூம்பு காலியாகலன்னு ஹைருன் அக்கா வீட்டுல தங்க வச்சேன்."

அருவி என்றதும் எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் அந்தப் பதிவில் ஒரு பிடி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"இதுல என் குரல் மட்டும்தான இருக்கு. நீ கேட்டது எங்க?"

அனுசியா சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்கு இடி இடிப்பதற்கு முந்தின வெளிச்சம் ஞாபகம் வரும்.

"என் குரலா? அது சாரல்ல வச்சு இறக்கிட்டேன் அத்தான். உங்க பட்டன்தான். அருமையா வேலை செய்யுது."

கம்ப்யூட்டரிலிருந்து கைதட்டல் கேட்டது. கேஷவை நான் மறந்தே போயிருந்தேன்.

"பிரமாதம் கண்ணு! அவா குரல் ஒரு பொட்டுகூட இல்லையே. எவ்வளவு சுத்தமா எடுத்திருக்கு." சந்தோஷத்தில் முகம் திரையை நெருங்கி வந்தது. உடனே ஒரு சந்தேகமும் வந்தது. "இரு, ஏன் முழிக்கறே? நிஜமாவே ஆப்தானே எடுத்தது? வேலை செய்யறதா, இல்லையா?"

மணிமுத்து தலையில் பெட்டியோடு பார்த்தான். படியில் பிள்ளைகள் பார்த்தன. அனுசியா புருவத்தை மேலே ஏற்றிக்கொண்டு காத்திருந்தாள். வேலை செய்யவில்லை என்றால் அவள் பேசவே இல்லை என்பது நிரூபணமாகும். அறை தப்பும். வேலை போகும். வேலை செய்கிறது என்றால் வேலை தப்பும். அவள் பேசியிருக்கிறாள், நான் சரி சொல்லியிருக்கிறேன், அறை போகும், காலைச் சமையல் வரும், அருவி வரும்.

"வேலை செய்யுது சார்" என்றேன்.

"சபாஷ். அடுத்த வருஷமும் நீதான்" என்று கேஷவ் சொல்லிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தார்.

மணிமுத்து பெட்டியை என் மேசை மேல் இறக்கினான். அனுசியா கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு அருவி, அத்தான். எண்ணெய் தேச்சுட்டு ரெடியா இருங்க. நான் கரையில நின்னு பாத்துக்கிடுதேன்."

இயர்பட்ஸைக் கழற்றிவிட்டு, "சரி" என்றேன். அத்தனை சரியிலும் இந்த ஒன்றைத்தான் முழுசாகக் காதில் வாங்கிக்கொண்டு சொன்னேன்.